நீ சொன்ன மேல வீதிக் கடை

கனகு,

நீ எழுதிய கடைசிக் கடிதத்துக்கு இதுதான் பதில். ஆறு வருஷம் தாமதமாகிவிட்டது. எழுதி எங்கே அனுப்பப்போகிறாய் என்று உன் அப்பா கேட்டார். எங்கேயும் அனுப்பப்போவதில்லை, எழுதவேண்டியது பாக்கி இருக்கிறது, எழுதுகிறேன் என்றேன். யார் கையில் கிடைத்தாலும் படித்துக்கொள்ளட்டும். மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்கப்புறம் என் கை எழுதியதெல்லாம் மாதம் பிறந்தால் ஒரு சாமான் சீட்டு. துவரம்பருப்பு, பெருங்காயம், வெந்தயம் என்றால் தப்பில்லாமல் வரும். மற்ற வார்த்தைகளைத்தான் ஒவ்வொன்றாக யோசித்து வைக்கவேண்டியிருக்கிறது. அதனால் இதை எழுத எனக்கு நாலு நாளாகிறது.

பினாங்குக்குப் போன முதல் வருஷத்தில் நீ எழுதிய கடிதங்களை நான் இப்போது எடுத்துப் படித்தேன். வேலையைப் பற்றி இரண்டு வரி, உடம்பைப் பற்றி ஒரு வரி, மீதியெல்லாம் நம் ஊர் மேல வீதிப் பலசரக்குக் கடையைப் பற்றித்தான். 'அம்மா, இங்கே எல்லாச் சாமானும் கிடைக்கிறது, ஆனால் நம் கடைச் சீரகம் மாதிரி இல்லை' என்று எழுதுவாய். நான் உடனே சீட்டு எழுதி உன் அப்பாவிடம் கொடுப்பேன். அவர் கடைக்குப் போய் வாங்கி வருவார். சீரகம், தனியா, வெந்தயம், பொட்டுக்கடலை எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்து, கடைக் காகிதத்தைப் பிரித்து எறிந்துவிட்டு, புதுத் துணியில் பை தைத்துப் போட்டு, நாகப்பட்டினத்தில் கப்பலேறப் போகிறவர் யாராவது அகப்பட்டால் கொடுத்தனுப்புவேன். என் பிள்ளைக்கு அழுக்குக் காகிதத்திலா அனுப்புவது என்று எனக்குப் பெருமை. மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ நீ பதில் போட்டாய்: 'சாமான் வந்தது அம்மா, கடைதான் வரவில்லை.' அதை நான் பக்கத்து வீட்டுக் கமலத்திடம் படித்துக் காட்டிச் சிரித்தேன். "ஒம் புள்ளைக்கு என்னா, கடையவே பேத்து அனுப்பணுமா?" என்றாள். நீ கேலி செய்கிறாய் என்றுதான் நானும் நினைத்தேன்.

இதில் நான் உன்னிடம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. சொல்லும்படி யாரும் கேட்டதில்லை. அந்தக் கடையை நான் பார்த்ததே கிடையாது. நம் வீட்டுப் பெண்கள் கடைத்தெருவில் நிற்கிற வழக்கமில்லை. கீரை, மீன், தயிர் எல்லாம் வாசலுக்கு வரும். மளிகை உன் அப்பா கையால் வரும். கோயிலுக்குக் கிழக்குக் கோபுர வாசலில் நுழைந்து அதே வாசலில் திரும்பிவிடுவேன். மேல வீதிப் பக்கம் நான் நடப்பது ஆனியிலும் மார்கழியிலும் தேருக்குப் பின்னால் போகும்போது மட்டும்தான். தேரன்று கடையெல்லாம் அடைத்திருக்கும். நம்பர் போட்ட பலகைகளை வரிசையாகச் சொருகி வைத்திருப்பார்கள். "அதோ அந்தப் பலகதான் நம்ம கடை" என்று உன் அப்பா ஒரு தடவை காட்டினார். முப்பது வருஷம் அந்தக் கடைச் சாமானில் சமைத்தவள், பார்த்தது பலகையை.

உன் கல்யாணக் கடிதத்துக்கு வருகிறேன். அதைச் சுற்றிச் சுற்றித்தான் இவ்வளவு நேரம் போனேன். 'இங்கே ஒரு நல்ல தமிழ்க் குடும்பத்தில் பெண் எடுத்திருக்கிறேன். பெயர் அஞ்சலை. கேட்காமல் செய்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே' என்று எழுதியிருந்தாய். நான் கோபித்துக்கொண்டேன். ஒரே பிள்ளை, தாலி எடுத்துக் கொடுக்கக்கூட நான் வேண்டாமா என்று ஆத்திரம். உன் அப்பா இரண்டு வரி எழுதிப் போடு என்றார். ஆறட்டும், எழுதலாம் என்றேன். ஆடி போயிற்று, ஐப்பசி போயிற்று. தையில் சரி எழுதலாம் என்று காகிதம் எடுத்தபோது, ஜப்பான்காரன் மலாய் நாட்டுக்குள் வந்துவிட்டான், தபால் போகாது என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் யுத்தம் முடிகிறவரை ஒன்றுமில்லை. முடிந்த பிறகு உன் மாமனாரிடமிருந்து கடிதம் வந்தது. உன்னைச் சயாமில் ரயில் பாதை போட ஆட்களோடு ஆளாகப் பிடித்துக்கொண்டு போனார்களாம். அங்கேயே காய்ச்சலில் போய்விட்டாயாம், கூட இருந்து திரும்பியவர் பார்த்துச் சொன்னாராம். தர்ப்பையில் உன்னைச் செய்து வைத்து உன் அப்பா கொள்ளி வைத்தார். அன்று குளித்துவிட்டு வந்தவர், அதற்குப் பிறகு இந்த வீட்டில் உன் பெயரைச் சொன்னதில்லை. நான் சொன்னாலும் எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவார்.

கோபம் ஆறட்டும் என்று கடிதத்தைத் தள்ளிப்போடாதே என்று உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாயில்லை. உன் மகளுக்கு வேண்டுமானால் சொல்வேன், அவள் எழுதப் படித்த பிறகு.

போன ஆவணியில் அஞ்சலை உன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். புருஷன் வீட்டில் கொண்டுபோய் விடுவதுதான் முறை என்று அவள் அப்பா கப்பலேற்றி விட்டிருக்கிறார். ஸ்டேஷனுக்குப் போன உன் அப்பா, குதிரை வண்டியிலிருந்து முதலில் இறங்கி என் பக்கமே பார்க்காமல் உள்ளே போய்விட்டார். பின்னால் இறங்கியவளைப் பார்த்து நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். சின்னக் கண், சப்பை மூக்கு, மஞ்சள் வெளுப்பு. சீனாக்காரி. நெற்றியில் குங்குமம் இல்லாமல் வெறும் திருநீறு, சின்னாளப்பட்டுச் சேலை. கீழே விழுந்து என் காலைத் தொட்டுவிட்டு, "அத்தே, ஒங்க புள்ள கொண்டாந்து விட வேண்டியது. நானா வந்துட்டேன்" என்றாள். நம் வண்டிக்காரர் வாயைப் பிளந்துவிட்டார், கனகு. அந்த முகத்திலிருந்து அந்தத் தமிழ் வரும் என்று யார் கண்டது? பிறந்த பத்தாம் நாள் ஒரு சீனக் குடும்பம் பெண் குழந்தை வேண்டாம் என்று கொடுத்துவிட, தமிழ்க் குடும்பம் எடுத்து வளர்த்ததாம். அவளுக்குச் சீன பாஷை கடையில் சண்டை போடுகிற அளவுக்குத்தான் தெரியுமாம். இதையெல்லாம் நீ ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் நான் என்ன செய்திருப்பேன் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது.

தெருவே வந்து பார்த்தது. கமலம் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "ஏம்மா, ஒங்கூர்ல தவள திம்பாங்களாமே, மெய்யா?" என்று கேட்டாள். அஞ்சலை கொஞ்சமும் அசையவில்லை. "எங்கூட்ல சாப்புட்டதில்லீங்க. இங்க நல்லா இருக்குமா?" என்றாள். கமலம் ஒரு வாரம் நம் வாசல் பக்கம் வரவில்லை.

வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோலம் போடுவாள், மீன் ஆய்வாள், என் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள். ஆனால் ஒரு வழக்கம் எனக்குப் புரியவில்லை. தினமும் காலையில் சோறு வடித்ததும் முகம் கழுவி, தலையை வாரிக்கொண்டு, மடித்து வைத்த துணிப் பை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவு வரை போவாள். அங்கே கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு பையைப் பழையபடி மடித்து மாடத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். "என்னம்மா வேணும்?" என்று கேட்டால், "ஒன்னுமில்ல அத்தே." நாளாக ஆக, சாப்பாடு குறைந்தது. பருப்பை ஒரு விரலால் எடுத்து முகர்ந்து பார்ப்பாள். புளியை நாக்கில் வைத்துப் பார்ப்பாள்.

அந்த ஊர்ச் சாமான் எதற்கோ ஏங்குகிறாள் என்று எனக்குப் பட்டது. நீயும் அப்படித்தானே ஏங்கினாய் என்று நினைத்துக்கொண்டேன். என்ன சாமான் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதமே வந்துவிட்டது. உன் அப்பா திங்கட்கிழமை ரயிலில் கடலூர்ப் பழைய பட்டணத்து மல்லாட்டை மண்டிக்குப் போய், கடலை மூட்டை வேலை முடிந்து சனிக்கிழமை திரும்புகிறவர்தானே. வாரம் ஒன்று சொல்லி அனுப்பினேன். துறைமுகத்திலிருந்து கூனி இறால் பொடி வாங்கி வந்தார். "நல்லாருக்கு அத்தே" என்று தொட்டுக்கொண்டாள். மறு வாரம் கருவாடு. அதற்கும் அதே பதில். ஒரு வாரம், பினாங்கோடு வியாபாரம் செய்த மரைக்காயர் ஒருவரிடம் கெஞ்சி, யுத்தத்துக்கு முன்னால் வந்த சீன ஜாடி ஒன்றை வாங்கி வந்துவிட்டார் உன் அப்பா. உள்ளே கறுப்பாக ஒரு சாறு. சீனாக்காரர்கள் சோற்றில் ஊற்றிக்கொள்வார்கள் என்று மரைக்காயர் சொன்னாராம். நான் அதை அவள் முன்னால் வைத்துவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூடியைத் திறந்து முகர்ந்தவள் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள். "அத்தே, இத எங்கூட்டுக்குள்ளயே வுட மாட்டாங்க. எங்கம்மாவுக்கு ரசத்துக்கு மேல ஒன்னு ஒலகத்துல கெடையாது." எனக்கு மானம் போயிற்று. அவள் முகத்தைப் பார்த்து அவள் நாக்கை நாங்களே முடிவு செய்திருக்கிறோம். ஜாடியைக் கமலம் ஊறுகாய் போட வாங்கிக்கொண்டாள்.

தை மாதக் கடைசியில் அவள் அண்ணன் எழுதிய கடிதம் வந்தது. அவளே எனக்குப் படித்துக் காட்டினாள். பங்குனியில் கப்பல் இருக்கிறது, அங்கே பிடிக்கவில்லையென்றால் குழந்தையோடு திரும்பி வந்துவிடு, உடனே பதில் போடு என்று இருந்தது. "என்ன எழுதப் போற?" என்றேன். "நீங்க சொல்லுங்க அத்தே. இருக்கவா, போவவா?" என்றாள். இரு என்று சொல்ல வாய் வந்தது. எதற்காக இருக்கச் சொல்கிறேன் என்று கேட்டால் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? உன் மகள் சிரிக்கும்போது உன் பல் வரிசை தெரிகிறது. அதற்காக ஒருத்தியைக் கொல்லைக் கதவில் நிறுத்திவைக்க முடியுமா? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சொன்ன பிறகுதான், உன் கடிதத்தையும் இப்படித்தான் தள்ளிப்போட்டது ஞாபகம் வந்தது.

இரண்டு நாள் கழித்து நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் வீட்டில் அவள் இல்லை. குழந்தை இல்லை. மாடத்தில் பையும் இல்லை. ஈரத் தலையோடு ஸ்டேஷன் பக்கம் ஓடினேன். ஐம்பது வயதில் கீழ வீதியில் நான் ஓடியதை ஊரே பார்த்தது, பார்க்கட்டும். வழியில் அந்தக் குதிரை வண்டிக்காரர் நிறுத்தினார். "எங்கம்மா ஓடறீங்க? சீனாக்காரப் பொண்ணத் தேடியா? ஸ்டேசன் பக்கம் வரல. கொழந்தையோட தெக்கு வீதில மேக்கால போச்சு. வழி கேக்காமப் போச்சு, நம்மூர்ல பொறந்தாப்பல." நான் திரும்பி நடந்தேன். தெற்கு வீதி முனை திரும்பி மேல வீதிக்குள் போனதும், ஒரு கடை முன்னால் பத்துப் பேர் கூடி நிற்பது தெரிந்தது. நடுவிலிருந்து அவள் குரல்.

"இது போன வருசத்துப் பருப்புங்க. மோந்து பாருங்க, சாக்கு வாசன அடிக்குது."

"பருப்பு சாக்குலதாம்மா வரும், பல்லாக்குலயா வரும்?" என்றார் கடைக்காரர். வழுக்கைத் தலை, காதில் பென்சில், மூக்கு நுனியில் கண்ணாடி. கூட்டம் சிரித்தது.

"பல்லாக்குல வந்தாலும் பழச பழசுன்னுதான் சொல்லுவேன்" என்றாள் அவள். கூட்டம் இப்போது அவருக்கு எதிராகச் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். வந்த அஞ்சு மாதத்தில் அவள் முகத்தில் அந்தக் களையை நான் பார்த்ததில்லை, கனகு.

என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டாள். நான் திட்டவில்லை. எனக்கு மூச்சு வாங்கிற்று. கடைக்காரர் ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டு, "யாரும்மா நீங்க?" என்றார். அஞ்சலைதான் உன் பெயரைச் சொல்லி, கனகசபையின் அம்மா என்றாள். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். "முப்பது வருசமா ஒங்க எழுத்தப் படிக்கிறேன். ஒங்களப் பாக்கறது இன்னிக்குத்தான்" என்றார். என் சீட்டில் நான் கொத்தமல்லி விதை என்று எழுதமாட்டேன், தனியா என்றுதான் எழுதுவேன், யுத்த காலத்தில் சீட்டு பாதியாகக் குறைந்துபோனது, எல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

நான் கடையைப் பார்த்தேன். நீ இல்லாமல் உன் கடையைப் பார்த்தேன். வாய் சுருட்டிய சாக்குகள் உயர வாரியாக நிற்கின்றன. கடுகு என்றால் எனக்கு அஞ்சறைப் பெட்டியில் ஒரு கிண்ணம். ஒரு மூட்டைக் கடுகை நான் கண்டதேயில்லை. யாருக்கும் தெரியாமல் கையை உள்ளே விட்டேன். குளிர்ந்திருந்தது. முழங்கை வரை தண்ணீரில் போவதுபோல் போயிற்று. மேலே உத்திரத்தில் சணல் உருண்டை தொங்குகிறது. அதிலிருந்து இழுத்து இழுத்துப் பொட்டலத்தைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, விரலில் சுண்டி அறுக்கிறார். அந்த முடிச்சைத்தான் நான் பல்லால் கடித்துப் பிரிப்பேன். இங்கே போடுகிற முடிச்சு அது என்று இப்போதுதான் தெரிகிறது. மிளகாய் நெடியில் ஒருவர் தும்முகிறார். இன்னொருவர், போன மாதப் புளியில் கொட்டை ஜாஸ்தி என்கிறார். "கொட்ட புளியோட கூடப் பொறந்ததுங்க, அத எங்க தொரத்தறது?" என்கிறார் கடைக்காரர். அரிசிக்கும் சர்க்கரைக்கும் ரேஷன் கார்டோடு நிற்கிற காலத்தில் இவ்வளவு சிரிப்பு எங்கேயோ இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே.

கிளம்பும்போது கடைக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அய்யா மாசம் பொறந்தா வந்து இங்கதான் ஒக்காருவாரு. சீட்ட குடுத்துட்டு ஒரு மணி நேரம் புள்ளையப் பத்தியே பேசுவாரு. நாங்க கேட்டுக்கிட்டே இருப்போம். அவுரு அழுது முடிக்கற வரைக்கும் சாமான் போட மாட்டேன்." வீட்டில் வாயைத் திறக்காத மனுஷர் அவர்.

திரும்பி வரும்போது வழி எப்படித் தெரிந்தது என்று அஞ்சலையைக் கேட்டேன். "அவுங்க சொல்லிச் சொல்லிப் பாடமாயிடுச்சு அத்தே. கல்யாணமான புதுசுல ஒரே கடப்பேச்சுதான். மூணு படி, கடைசிப் படி ஓரத்துல ஒடஞ்சிருக்கும், வலது கைப்பக்கம் கடுகு, அதுக்கடுத்து வெந்தயம். ஒன்னுகூட மாறல" என்றாள். அந்த ஊர்க் கடையைப் பற்றி நான் கேட்டேன். ஜப்பான்காரன் காலத்தில் எப்படிச் சமாளித்தாய் என்றேன். "கடையில ஒன்னும் இருக்காது. மரவள்ளிக் கெழங்குதான். அப்பவும் தெனம் பையத் தூக்கிட்டுப் போயிடுவேன். சாமானுக்கா போறது? யாரு உசுரோட இருக்காங்க, யாரப் புடிச்சிட்டுப் போனாங்கன்னு அங்கதான தெரியும். இங்க வந்து வாசல்லயே எல்லாம் எறங்குது. யாரையும் பாக்காம சாமான மட்டும் பாத்துக்கிட்டு எப்டி அத்தே இருக்கறது?" என்றாள். கடைதான் வரவில்லை என்று நீ எழுதிய அந்த ஒரு வரி எனக்கு அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்தது.

நான் நடுத்தெருவில் நின்று அவளிடம் சொல்லிவிட்டேன், உன் கல்யாணக் கடிதத்துக்கு நான் வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை என்று. "தெரியும் அத்தே" என்றாள். "அவுங்க தெனம் தபால்காரரப் பாத்துட்டு வருவாங்க. 'எங்கம்மாவுக்குச் சாமான் சீட்டுதான் எழுதிப் பழக்கம், கடுதாசி எழுத நாளாவும்'னு சொல்லிச் சிரிப்பாங்க." நீ சிரித்தாய் என்கிறாள். நான் அதை நம்புகிறதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. "அண்ணனுக்கு என்ன எழுதறதுன்னு கேட்டியே. இருன்னுதான் எனக்குச் சொல்லணும். ஆனா கொல்லக் கதவுல நிக்கறதுக்கு இருன்னு சொல்ல மாட்டேன்" என்றேன். அவள் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள்.

சனிக்கிழமை உன் அப்பா வந்தார். விஷயம் அவருக்கு ரயிலிலேயே தெரிந்துவிட்டது. செருப்பைக் கழற்றுமுன்பே ஆரம்பித்தார். "நம்மூட்டுப் பொம்பளைங்க கடத்தெருவுல நின்னு சண்ட போடறதா? நான் செத்தா பூட்டேன்?"

"அவ ஒரு நாளு போனா. நானும் போனேன்" என்றேன்.

"நீயுமா? உனக்கு அங்க என்னாடி வேல?"

"ஒங்களுக்கு அங்க என்னா வேலயோ அதான். நீங்க அங்க பேசற பேச்ச இங்க ஒரு வார்த்த பேசியிருந்தா நான் எதுக்கு அவ்ளோ தூரம் போவப் போறேன்?"

அவர் முகம் மாறிவிட்டது. திருட்டுப் பிடிபட்டவர்போல் நின்றார். கோபித்துக்கொண்டது மானத்துக்காக இல்லை, கனகு. உன்னை வைத்திருந்த ஒரே இடத்துக்கு நாங்களும் வந்துவிட்டோமே என்றுதான். கிணற்றடிக்குப் போய் வெகு நேரம் கால் கழுவினார். அஞ்சலை சமையலறைக் கதவோரம் நின்று எல்லாம் கேட்டாள். கடைக்குப் போய் வந்ததிலிருந்து பத்து நாள் அவள் கொல்லைக் கதவுக்குப் போகவில்லை. அண்ணனுக்குப் பதிலும் எழுதவில்லை. மை புட்டியும் காகிதமும் அலமாரியில் அப்படியே இருந்தன. நான் துடைக்கிற சாக்கில் தினம் போய்ப் பார்ப்பேன்.

மாசி பிறந்தது. அடுத்த ஞாயிறு காலை நான் வழக்கம்போல் சீட்டு எழுதி உன் அப்பா பக்கத்தில் வைத்தேன். அவர் எடுத்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். வாசற்படி வரை போனவர், தெருவைப் பார்த்தபடியே, "வெயில் ஏறப் போவுது. வர்றவுங்க வரலாம்" என்றார். அஞ்சலை என்னைப் பார்த்தாள். பையை எடுக்க மறந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவர் பத்தடி முன்னால் நடந்தார், எங்களைத் தெரியாதவர்போல. தெற்கு வீதி முனையில் நின்று, நாங்கள் வருகிறோமா என்று திரும்பிப் பார்த்தார்.

கடையில் அவருக்கென்று உள்ள இடத்தில் போய் உட்கார்ந்தார். நாங்கள் இருந்ததால் பேச்சு வரவில்லை. கடைக்காரரும் இங்கிதம் தெரிந்தவர், சீட்டைப் படித்துச் சாமான் போட ஆரம்பித்தார். "தொவரம்பருப்பு இன்னும் அந்தப் பழசுதாம்மா. அடுத்த மாசம் புதுசு எறங்குது" என்று அஞ்சலையைப் பார்த்துச் சொன்னார். அவள் கொஞ்சம் யோசித்தாள். "எறங்குனதும் எங்களுக்கு ரெண்டு வீச எடுத்து வைங்க. நானே வந்து மோந்து பாத்துத்தான் வாங்குவேன்" என்றாள். அடுத்த மாதம் பங்குனி. கப்பல் மாதம். உன் அப்பா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் உளுந்துச் சாக்கைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்று மத்தியானமே அவள் அண்ணனுக்கு எழுதிவிட்டாள்.

உன் மகளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? கடைக்குள் மூட்டை நிறுக்கிற தூக்குத் தராசு, சங்கிலியில் பெரிய பலகைத் தட்டோடு தொங்கியது. அதைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். "ஏறி ஒக்காரு தாயி, நீ எத்தன வீசன்னு பாப்போம்" என்றார் கடைக்காரர். உன் அப்பாதான் எழுந்துபோய் அவளைத் தூக்கித் தட்டில் வைத்தார். எதிர்த் தட்டில் ஒவ்வொரு படிக்கல்லாக வைத்தார்கள். ஒரு மணங்கு, இரண்டு வீசை, மொத்தம் பத்து வீசை. அவள் கால் தரையை விட்டு எழும்பியதும் கத்திச் சிரித்தாள். கடைக்காரர் என்னைப் பார்த்து, "இந்தத் தட்டுல ஆளுன்னு ஒங்க புள்ளைக்கப்பறம் இதான் ஒக்காருது" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ நாகப்பட்டினத்துக்கு ரயிலேறுவதற்கு முதல் நாள் அப்பாவோடு கடைக்கு வந்தாயாம். ஒன்றும் வாங்கவில்லையாம். இந்தத் தட்டில் ஏறி உட்கார்ந்து, "என்னைய நிறுத்து வைங்க. திரும்பி வந்ததும் மறுபடி நிறுத்துப் பாக்கணும், அக்கரச் சோறு ஒட்டுச்சா இல்லியான்னு" என்றாயாம். "நிறுத்தேன். நாலர மணங்கு இருந்தாப்ல" என்றார் கடைக்காரர்.

"நாலரையா?" என்றார் உன் அப்பா. "என்னா பேசறீங்க? கனகு நாலு மணங்குதான். நாந்தான பக்கத்துல நின்னேன்." என் எதிரில் உன் பெயரைச் சொல்லிவிட்டதை அவர் கவனிக்கவேயில்லை.

"கல்லு வச்சவன் நானு. நாலர."

"எங் கனகு ஒல்லி. நாலு."

"ஒல்லியாவது! எலும்பு கனம்யா அவனுக்கு."

இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிட்டது. சாமான் வாங்க வந்தவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அஞ்சலை, நீ சயாமுக்குப் போகும்போது எப்படி இருந்தாய் என்று நினைத்தாளோ என்னவோ, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். "நீங்க சொல்லுங்கம்மா, பெத்தவங்க" என்றார் கடைக்காரர். உன் அப்பாவும் நான் சொல்வதை ஒப்புக்கொள்கிறவர்போல் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு என்ன தெரியும்? தூக்கி இடுப்பில் வைத்த பிள்ளையின் கனம்தான் எனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் ரயிலேறிப் போன பிள்ளையை நான் தூக்கிப் பார்க்கவில்லையே.

நாலா, நாலரையா, கனகு?